எண்ணுகிறவன் தலை

இன்று காலை மைசூரில் இந்த மாடி வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்காரம்மா நாகரத்னம்மா, வீடு பிடித்துத் தருகிற புரோக்கர் புட்டசாமி, என் மகள் செண்பகவல்லி, மாப்பிள்ளை துரைப்பாண்டி, நாலு வயதும் ஏழு மாதமும் ஆன பேத்தி மித்ரா, என் வீட்டுக்காரி ஆவுடையம்மாள். ஆறு பேர். நான் சங்கரலிங்கம், என்னைச் சேர்த்து ஏழு. மித்ராவிடம் ஒரு கரடி பொம்மை இருந்தது, அவளைவிட அரைச் சாண் உயரம். நாலு நாளாக வீடு வீடாக ஏறி இறங்கியும் அழாமல் வந்தாள் என்று மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது. என் துண்டை வாங்கி அதற்கு முண்டாசு கட்டியிருந்தாள். அதை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. எண்ணுகிறவன் தன் தலையைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், தனியாக, வாய்விட்டுச் சொல்லிச் சேர்க்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சங்கரன்கோவிலிலிருந்து புறப்படுகிற யாத்திரை பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் ஆள் எண்ணுகிற வேலை பார்த்துத் தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்டும் ஒரு நாள் மறந்தது.

மணி பதினொன்று இருபத்தாறு. கழிப்பறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறேன், கூடத்தில் ஒருவரும் இல்லை. படிக்கட்டில் சத்தம் இல்லை, கீழே செண்பகத்தின் குரல் இல்லை. மொட்டை மாடியில் இருப்பார்கள் என்று அண்ணாந்து பார்க்கிறேன், மித்ராவுக்குப் படியைக் கண்டால் மேலே ஓட வேண்டும், ஆனால் மொட்டை மாடிக் கதவுதான் பூட்டியிருக்கிறதே, அது பூட்டியிருப்பதைப் பத்து நிமிஷம் முன்னால் நான்தானே பார்த்தேன். நான் உள்ளே எவ்வளவு நேரம் இருந்தேன். எட்டு நிமிஷம் இருக்கும். சிறுநீர் கழிக்க எட்டு நிமிஷமா என்றால், கழிக்க ஒரு நிமிஷம், தண்ணீர் ஊற்ற ஏழு நிமிஷம். மேலே தொட்டியில் தொங்குகிற சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டுவது வீடு முழுக்கக் கேட்கும். வீட்டுக்காரம்மா அப்போது கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். நாளைக்கு ஊருக்குப் போகப்போகிறேன் என்று சொன்ன ஆள், இந்த வீட்டுத் தண்ணீரில் உரிமை இல்லாத ஆள், எனக்கு எதற்குச் சங்கிலி. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன விளிம்பு உடைந்த குவளை ஒன்று மூலையில் கிடந்தது. குழாயை ஈர்க்குப் பருமன் திறந்து, குவளையைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாகவே தண்ணீர் இறங்கும்படி ஊற்றினேன். இரண்டரைக் குவளை. காலடிச் சத்தம் கதவுப் பக்கம் வந்தபோதெல்லாம் குழாயை மூடினேன். சத்தம் எல்லாம் படியிறங்கிப் போகட்டும், வெளியே வரலாம் என்று நின்றேன். போய்விட்டது. நான் கேட்டதுதான் நடந்திருக்கிறது.

ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். வாசலில் வரும்போது நின்ற ஆட்டோ இரண்டும் இல்லை. புட்டசாமியின் ஸ்கூட்டர் இல்லை. ஸ்கூட்டர் நின்ற இடத்தில் எண்ணெய் ஒரு பொட்டு சிந்தியிருந்தது. என் செல்போன் ஆவுடையாளின் பையில். பையில் இருந்தால் பத்திரம் என்று நான்தான் கொடுத்தேன். எதிர்வீட்டுச் சுவரில் வீட்டு எண் எழுதியிருக்கிறது, கன்னட எழுத்தில், எண்களும் கன்னடத்தில், வட்டமும் வாலுமாக மூன்று எண்கள். என்ன எண் என்று எனக்குத் தெரியாது. அறுபத்தாறு வயதில், எண்ணுவதையே வேலையாகச் செய்தவன், ஒரு வீட்டுச் சுவரைப் பார்த்து அது எத்தனை என்று சொல்லத் தெரியாமல் நிற்கிறேன். இந்த ஊர் பஸ்ஸிலும் அப்படித்தான், முகப்பில் எண் போட்டிருக்கிறார்கள், அது வருகிறது போகிறது, எனக்கு அது படம். முந்தாநாள் மித்ரா ஒரு பஸ்ஸைக் காட்டி, தாத்தா அது எத்தனாம் நம்பர் என்று கேட்டாள். ஏதோ ஒன்று சொன்னேன். நாற்பத்திரண்டு என்று சொன்னேன். ஏன் நாற்பத்திரண்டு என்று சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

மறந்து போயிருப்பார்கள். செண்பகம் நான் மாப்பிள்ளையோடு இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள், மாப்பிள்ளை நான் செண்பகத்தோடு இருக்கிறேன் என்று நினைத்திருப்பார். இது எனக்குப் புதிது இல்லை, காசியில் பார்த்திருக்கிறேன், ராமேசுவரத்தில் பார்த்திருக்கிறேன், அண்ணன் வண்டியில் அம்மா, தம்பி வண்டியில் அம்மா என்று இரண்டு வண்டியும் போய்விடும், அம்மா செருப்பு வைக்கிற இடத்தில் டோக்கனை வைத்துக்கொண்டு நிற்பாள். மறதிதான். வேறொன்றும் இல்லை. ஆனால் மறக்கும்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தேனே, அதைச் சொன்னவன் நான்தானே. புட்டசாமியின் காகிதத்தில் பதினோரு வீடு எழுதியிருந்தது, இது ஒன்பதாவது. முதல் நாள் பார்த்த மூன்றில் ஒன்றில் மீன் சமைக்கக்கூடாது, ஒன்றில் எங்கள் சாதியைக் கேட்டுவிட்டு வீடு வாடகைக்கு இல்லை என்றார்கள், ஒன்றில் படிக்கட்டு ஏணி மாதிரி. நேற்றுப் பார்த்த எட்டாவது வீடு எல்லாருக்கும் பிடித்தது, சமையலறையில் ஆவுடையாள் மேடையைத் தடவிக்கூடப் பார்த்தாள், அஞ்சு பேரா, அய்யோ, தண்ணி போதாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மாப்பிள்ளையும் செண்பகமும் திங்கட்கிழமை புதுக் கம்பெனியில் சேர வேண்டும். இப்போது தங்கியிருக்கிற மாப்பிள்ளையின் சிநேகிதர் வீட்டை ஞாயிறு ராத்திரிக்குள் காலி செய்ய வேண்டும், அவருடைய மாமனார் மாமியார் வருகிறார்கள். இன்று சனிக்கிழமை. இந்த வீட்டுப் படியேறும்போதே புட்டசாமி திரும்பிப் பார்த்து, கோயமுத்தூரில் எட்டு வருஷம் பேக்கரியில் நின்று கற்றுக்கொண்ட தமிழில் சொன்னான், "சார், இந்த அம்மா நாலு பேருக்கு மேல விடமாட்டாங்க. ஒரே தொட்டி, மூணு வீட்டுக்கு. நாலுன்னே சொல்லுங்க, அப்புறம் குடி வந்துட்டா யாரு எண்ணப் போறாங்க?" யார் எண்ணப் போகிறார்கள். மாப்பிள்ளை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. யார் அந்த நாலு என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, பத்தொன்பது படி ஏறுகிற வரை எல்லாரும் சும்மா ஏறினோம்.

நாகரத்னம்மாவுக்குச் சேலத்தில் ரயில்வே குவார்ட்டர்சில் இருந்த பழக்கம், தமிழ் நன்றாகவே பேசுகிறார். கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "எத்தனை ஜனம்?" என்றார். மாப்பிள்ளை, "நாலு பேரும்மா" என்றார். அந்த அம்மா ஆள்காட்டி விரலை நீட்டி எண்ணினார். விரலை நீட்டி எண்ணக் கூடாது, முகத்துக்கு நேரே நீட்டினால் மனிதர்களுக்குப் பிடிக்காது, நான் இருக்கையின் முதுகைத்தான் தொட்டு எண்ணுவேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, இந்தக் குட்டி நாலு. அஞ்சு ஆகுதே? குழந்தைன்னு விடமாட்டேன், குழந்தைதான் தண்ணிய ஜாஸ்தி கொட்டும்." விரல் என் மார்புக்கு நேரே நின்றது. செண்பகம் வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் அவளுக்கு முன்னால் நான் சொன்னேன். "நான் கூட வந்தவன் அம்மா. சாமான் ஏத்தி இறக்க ஒத்தாசைக்கு வந்தேன். நாளைக்கு ஊருக்குப் போயிருவேன்." சொல்லிவிட்டு ஒரு கும்பிடும் போட்டேன். மித்ரா என் வேட்டியைப் பிடித்து, "தாத்தா, கரடிக்கு முண்டாசு அவுந்துருச்சு" என்றாள். அந்த அம்மா சிரித்தார். "இந்த வயசுக்கு எல்லாரும் தாத்தாதான்." எல்லாரும் சிரித்தார்கள், ஆவுடையாள் தவிர. அவள் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகம் சிரித்ததையும் பார்த்தேன். சின்னதாக, பல் தெரியாமல். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டும், அப்பா எதற்கு வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் எனக்கும் விடை வரவில்லை. ஊருக்குப் போயிருவேன் என்றேனே, எந்த ஊருக்கு. சங்கரன்கோவில் வாடகை வீட்டுச் சாவியைப் போன வெள்ளிக்கிழமை கொடுத்தாயிற்று, சாவி இரண்டு, கொல்லைக் கதவுச் சாவி ஒன்று, மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிக் கொடுத்தேன். பொய் வருவதற்கு முன் தொண்டை கரகரக்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. வழவழவென்று வந்தது. அந்தக் குரல் எனக்குப் பழக்கம். பதினான்கு மாதத்துக்கு முன்னால் முதலாளி முன்னால் நின்று பேசிய அதே குரல்.

மணி பதினொன்று முப்பத்தெட்டு. கீழே இறங்கித் தெருவில் நிற்கலாம். தெருவில் நின்றால் திரும்பி வருகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் இறங்கினால் வீட்டுக்காரம்மா கதவைக் கடக்க வேண்டும், இன்னும் போகலியா என்று கேட்பார், எல்லாரும் போய்ட்டாங்களே, உங்களை விட்டுட்டா போய்ட்டாங்க என்று கேட்பார். விட்டுட்டா. அந்த வார்த்தையை அந்த அம்மா வாயால் கேட்க வேண்டாம். இங்கேயே நிற்கிறேன். நின்ற இடத்திலேயே நிற்பதுதான் முறை. நான்தானே அதை ஊர் ஊராகச் சொன்னவன். புறப்படுகிற அன்று சாமி கும்பிட்டுத் தேங்காய் உடைத்த பிறகு, பஸ்ஸுக்குள் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வேன், அந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கூச்சம் இருக்காது. "வண்டியத் தவற விட்டுட்டா பதறாதீக. அங்க இங்க நடந்து போயிராதீக. வண்டி எங்க நின்னுச்சோ அங்கயே நில்லுங்க. நான் எண்ணாம வண்டி எடுக்க விடமாட்டேன். எண்ணிக்கை குறைஞ்சா வண்டி திரும்பி வரும்." முப்பத்தொரு வருஷத்தில் அறுநூற்றுப் பதினேழு யாத்திரை. அறுநூற்றுப் பதினாறில் எண்ணிக்கை சரி. வீட்டைச் சுற்றி வருகிறேன், நிற்கவும் முடியவில்லை. ஜன்னல் ஆறு. குழாய் நாலு, ஒன்றில் ஒழுகல், நிமிஷத்துக்கு இருபத்திரண்டு சொட்டு, அதை இறுக்கிப் பார்த்தேன், பதினெட்டு. ஆணி ஒன்பது. சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள், முன்பு இருந்த பிள்ளைகளின் உயரம், கோட்டுக்குப் பக்கத்தில் எண்கள், கன்னடத்தில். இரண்டு பிள்ளைகள், கோடு இரண்டு வரிசையாக ஏறுகிறது. அப்படியென்றால் அவர்கள் நாலு பேர். அளவாக இருந்தார்கள், தண்ணீர் போதுமானதாக இருந்தது.

பிச்சம்மாள். புளியங்குடி. வயது அறுபத்தெட்டு, தனியாக வந்தவர். இருக்கை ஜன்னலோரம், இடப்பக்கம் ஆறாவது. செல்போன் இல்லை, தமிழ் தவிர வேறு பேச்சு இல்லை. மந்திராலயம் முடித்துத் திரும்பும்போது, நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினோம், காலை பத்து மணி, கழிப்பறைக்குப் போகிறவர்கள் போய்விட்டு வரட்டும் என்று. எண்ணும்போது நான் பின்னாலிருந்து முன்னால் வருவேன், ஒவ்வொரு இருக்கையின் முதுகுக் கம்பியையும் தொட்டுக்கொண்டு. அன்றைக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பின்னால் வரை நடக்க முடியவில்லை. நடுவில் ஒரு இருக்கை காலியாக இருந்தது, ஒரு நிமிஷம் என்று அதில் உட்கார்ந்தேன். இருக்கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது, அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தபடியே முன்னால் பார்த்தேன், பின்னால் திரும்பிப் பார்த்தேன். தொடாமல், கண்ணால். காலி இருக்கை ஒன்றுகூட இல்லை. நாற்பத்திரண்டு இருக்கை, நாற்பத்திரண்டு தலை. "போலாம் ரைட்" என்றேன். வண்டி புறப்பட்டது. காலை நீட்டிக்கொள்ளச் சுகமாக இருந்தது, காற்று வந்தது, தூங்கிவிட்டேன். பக்கத்து இருக்கை அம்மாள் வாந்திக்கு மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கண்ணை விழித்து என்னைப் பார்த்து, "நீங்க என்ன இங்க இருக்கீக? பிச்சம்மா எங்க?" என்று கேட்டபோது வண்டி அறுபத்தொரு கிலோமீட்டர் வந்திருந்தது. மடியில் அவர் பை. அதற்குள் ஒரு ஆரஞ்சுப் பழமும் மடித்த சேலையும் மூக்குக் கண்ணாடிக் கூடும் இருந்தன, இதெல்லாம் அப்புறம் தெரிந்தது. காலி இடம் இல்லை என்று பார்த்தேனே, அந்தக் காலி இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது நான்.

திரும்பிப் போய்ச் சேர இரண்டு மணி ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது, நாங்கள் புறப்பட்டதிலிருந்து. பங்க்கில் நிழல் இருந்தது, ஆபீஸ் அறையில் விசிறி இருந்தது, பங்க்கில் வேலை பார்த்த பெண் கையைப் பிடித்து இழுத்தும் போகவில்லையாம். எங்கள் வண்டி நின்ற இடத்தில், வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். உட்காரக்கூட இல்லை. நில்லுங்க என்றுதானே நான் சொல்லியிருந்தேன். என்னைப் பார்த்ததும் திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று இறங்கினேன். "வந்துட்டீகளா அண்ணாச்சி. எண்ணுனா தெரிஞ்சிருமேன்னு நின்னேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உதடு வெடித்திருந்தது. இதோடு நின்றிருந்தால்கூட என்னால் வேலையில் இருந்திருக்க முடியும். ஊர் வந்ததும் முதலாளி கேட்டார், வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள், பிச்சம்மாளும் பையோடு நின்றார். "என்னண்ணே, எண்ணலியா?" "எண்ணுனேன் முதலாளி. எண்ணும்போது இருந்தாக. எண்ணி முடிச்சப்புறம் சொல்லாம இறங்கிட்டாக." வழவழவென்று வந்தது. முதலாளி அவர் பக்கம் திரும்பினார். பிச்சம்மாள் என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம் இல்லை, ஒரு மூச்சு நேரம். பிறகு, "ஆமா, நாந்தான் கூறுகெட்டுப்போயி இறங்கிட்டேன்" என்றார். அவர் மகன் வந்து எல்லார் முன்னாலும் அவரைச் சத்தம் போட்டுக் கூட்டிக்கொண்டு போனான். இனிமேல் எங்கயும் அனுப்பமாட்டேன், வீட்டுலயே கிட என்று சொன்னது தெருமுனை வரை கேட்டது. மறுநாளே முழங்கால் முடியவில்லை என்று சொல்லி வேலையிலிருந்து நின்றுகொண்டேன். ஆவுடையாளிடமும் முழங்கால் என்றுதான் சொன்னேன். அவள் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள், பதினான்கு மாதமாகத் தேய்த்துவிடுகிறாள், தேய்க்கும்போதெல்லாம் வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் வலியும் உண்டு. முழுப் பொய் இல்லை. எவ்வளவு பொய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அது ஒன்றுதான் எனக்கு எண்ணத் தெரியாதது.

பதினொன்று ஐம்பத்தொன்று. அவர் நின்றது இரண்டு மணி ஐம்பது, நான் நிற்பது இருபத்தைந்து நிமிஷம், அதுவும் நிழலில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில், மகள் வருவாள் என்று தெரிந்து. தெரியுமா. தெரியும். ஆனாலும் தெருவில் ஒவ்வொரு ஆட்டோ போகும்போதும் நெஞ்சு எழும்பி விழுகிறது, இதை அவர் எத்தனை லாரிக்கு, எத்தனை பஸ்ஸுக்கு அனுபவித்திருப்பார். அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, ஒருவன் எண்ணுவான் என்று. எனக்கு யார் எண்ணுவார்கள். நாலு பேர் வீடு. நாலு பேர் போயிருக்கிறார்கள். இரண்டு ஆட்டோவிலும் எண்ணிப் பார்த்தால் நாலு சரியாகத்தானே வரும், எண்ணிக்கை குறையவே இல்லையே, வண்டி எதற்குத் திரும்பி வரும். அசட்டு எண்ணம். செண்பகம் சின்னப் பிள்ளையில் நான் யாத்திரை போய் வருகிற நாளைச் சுவரில் கரியால் கோடு போட்டு எண்ணுகிறவள். அவள் மறக்கமாட்டாள். மறக்கவில்லை என்றால் ஏன் இன்னும் வரவில்லை. மறந்திருந்தால் வருவாள், மறக்காமல் விட்டிருந்தால். சீ, என்ன எண்ணம் இது, என் பிள்ளையைப் பற்றி. நான் செய்கிறவன் என்பதால் எல்லாரும் செய்வார்கள் என்று தோன்றுகிறது.

படியில் செருப்புச் சத்தம். ஒரு ஆள். செண்பகம் என்று கதவுக்கு வந்தேன். நாகரத்னம்மா, கையில் பூட்டு. என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்தார். "அய்யோ! நீங்க போகலியா?" "இல்லம்மா. பின்னால இருந்தேன்." "அவங்க சாப்பிட்டு அட்வான்ஸ் எடுத்துட்டு வர்றோம்னு போய் அரை மணி ஆச்சே. உங்கள விட்டுட்டா போய்ட்டாங்க?" கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டார், ஆனால் நினைத்த மாதிரி கேலியாக இல்லை, பக்கத்து வீட்டுக் குழந்தை விழுந்தால் கேட்கிற மாதிரி கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "போன் பண்ணட்டுமா? நம்பர் இருக்கு. யாருன்னு சொல்லட்டும்? ஒத்தாசைக்கு வந்தவர் இங்கயே நிக்கிறார்னா?" சொல்லலாம். அப்படியே சொல்லச் சொல்லலாம். ஒரு வார்த்தைதான், ஆமாம் என்று. வீடு கிடைத்துவிடும், செண்பகம் திங்கட்கிழமை வேலைக்குப் போவாள், நான் ராத்திரியில் ஏறி, விடியும் முன் இறங்கி, இரண்டரைக் குவளைத் தண்ணீரில் குளித்து, யாராவது வந்தால் ஒத்தாசைக்கு வந்தவன் என்று கும்பிட்டு. மித்ராவுக்கு இன்னும் ஒரு வருஷத்தில் விவரம் தெரிந்துவிடும், தாத்தா ஏன் ஒத்தாசைக்கு வந்தவர் என்று கேட்பாள், நான் அதற்கும் ஒரு எண் சொல்வேன். அந்த அம்மா விரல் போனின் மேல் நின்றது. தொண்டை கரகரத்தது. பொய்க்கு வராத கரகரப்பு இதற்கு வந்தது. "அப்பான்னு சொல்லுங்கம்மா" என்றேன். "அந்தப் பொண்ணு என் மக. நாங்க அஞ்சு பேர். நான் அஞ்சாவது."

அவர் போனை இறக்கினார். என்னை ஒரு முறை பார்த்தார். "தெரியும். மூக்கு அப்படியே இருக்கு, இத யாரு கண்டுபிடிக்கமாட்டாங்க? அவங்க நாலுன்னாங்க, நானும் நாலுன்னு வச்சுக்கிட்டேன். ஊருக்குப் போற அப்பா மாசத்துல ரெண்டு நாள் வருவார், போவார்னு நெனச்சேன். எப்பவும் இருப்பீங்களா?" "இருப்பேம்மா. ஊருல வீடு இல்ல." இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மாசத்துக்கு இரண்டு நாள் என்று அவரே எனக்கு ஒரு இடம் எடுத்துக் கொடுத்தாரே, அதில் உட்கார்ந்துகொண்டிருக்கலாம். உட்காரத் தெரியவில்லை. "என்ன பண்றதுங்க," என்றார், பூட்டைக் கையில் உருட்டிக்கொண்டு. "பின் வீட்டுக்காரங்க மக பிரசவத்துக்கு வந்திருக்கா, கீழ நாங்க மூணு பேர். மார்ச் வந்தா தண்ணி மூணு நாளைக்கு ஒரு வாட்டி. நாலுன்னா நாலுதான். நீங்க நேரா சொன்னது நல்லது. ஆனா தண்ணி ஏறாதே." கோபமில்லாமல் சொன்னார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு அவர் போனில் செண்பகத்திடம் கன்னடமும் தமிழுமாகப் பேசினார், அதில் அப்பா என்ற வார்த்தை இரண்டு தரம் வந்தது.

அவர்கள் அதற்கு முன்னாலேயே திரும்பிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது, ஆறு நிமிஷத்தில் இரண்டு ஆட்டோவும் வந்துவிட்டன. செண்பகம் படியில் ஓடிவந்தாள், மூச்சு வாங்கியது, கண் சிவந்திருந்தது. "ஏன்ப்பா, ஒரு சத்தம் குடுக்கப்பிடாதா? நான் முன்னால போன ஆட்டோல இருந்து திரும்பித் திரும்பிப் பாக்கேன், பின்னால ஆட்டோல மித்ரா பக்கத்துல முண்டாசு கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு. நீங்கன்னே நெனச்சேன். ஓட்டல்ல இறங்குனா கரடி!" சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையானது. கீழேயிருந்து ஆவுடையாளின் குரல், "ஊருல உள்ள சனத்தையெல்லாம் எண்ணுன மனுசன், தான் ஏறுனமா இல்லியான்னு தெரியாம நிக்காரு பாரு." இருக்கை நிறைந்திருந்தது. நிறைந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது, இது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. வாசலில் நாகரத்னம்மா மாப்பிள்ளையிடம் பேசி முடித்திருந்தார். மாப்பிள்ளை நல்ல மாதிரி, ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசினதில்லை. சட்டைப் பையில் எடுத்து வந்த அட்வான்ஸை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு நாள் பொறுத்திருக்கலாம் மாமா" என்றார். சரிதான். பொறுத்திருக்கலாம். தலையை ஆட்டினேன். மித்ரா கரடியை இறுக்கிக்கொண்டு, "தாத்தா, இது ஒன் எடத்துல உக்காந்துருச்சு, நான் அடிச்சிட்டேன்" என்றாள்.

ஆட்டோ புறப்பட்டுவிட்டது. முன்னால் போகிற ஆட்டோவில் மாப்பிள்ளையும் மித்ராவும். இதில் ஒரு ஓரம் ஆவுடையாள், ஒரு ஓரம் செண்பகம், நடுவில் நான், முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு. புட்டசாமி பின்னால் ஸ்கூட்டரில் வருகிறான், சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொன்று காட்டிவிடுகிறேன் என்று. செண்பகம் வெளியே பார்த்துக்கொண்டு வருகிறாள், திங்கட்கிழமையைப் பார்க்கிறாள். நான் கெடுத்தேன். நல்லது செய்துவிட்டோம் என்கிற நினைப்பு ஒரு இம்மியும் வரவில்லை, வந்தால் அதையும் நம்பக் கூடாது. "ஆவுட," என்றேன். "பிச்சம்மா இறங்கல." "எந்தப் பிச்சம்மா?" "புளியங்குடிக்காரவுக." "எண்ணுனப்புறம் சொல்லாம இறங்குனாகளே, அவுகளா?" "சொல்லாம இறங்கல. நான் எண்ணும்போதே அவுக வண்டியில இல்ல. அவுக சீட்டுல நான் உக்காந்திருந்தேன். அவுக பைய மடியில வச்சிக்கிட்டு. அவுக மேல பழியப் போட்டேன். அதுக்குத்தான் வேலைய விட்டு நின்னேன், முழங்காலுக்கு இல்ல." ஆட்டோ ஒரு சந்தில் திரும்பியது. செண்பகம் வெளியே பார்ப்பதை நிறுத்தினாள், ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு சிக்னல் கடந்தது. பிறகு ஆவுடையாள், "பதினாலு மாசமா எண்ண காய்ச்சுதேன்" என்றாள். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள், நாலு விரல் அகலம் இருக்கும். "கால நீட்டிக்கிடுங்க" என்றாள்.

நீட்டிக்கொண்டேன். முன் இருக்கையின் கம்பியைத் தொட்டேன். முன்னால் ஆட்டோவில் மாப்பிள்ளை ஒன்று, மித்ரா இரண்டு. இங்கே ஆவுடையாள் மூன்று, செண்பகம் நாலு. "நான் அஞ்சு" என்று வாய்விட்டே சொன்னேன். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான். செண்பகமும் பார்த்தாள். புட்டசாமியின் காகிதத்தில் வீடு பதினொன்று, பார்த்தது ஒன்பது. மீதி இரண்டு.